இரண்டாம் தந்தைக்கு ஒரு கேடயம்

எங்கள் கடையில் இதுவரை ஒரு கெட்டவன் பெயரைக்கூடப் பொறித்ததில்லை. எல்லாரும் செம்மல், எல்லாரும் வள்ளல், எல்லாரும் சமூகத்தின் தூண். பித்தளைத் தகட்டில் ஏறிவிட்டால் போதும், கடைந்தெடுத்த கஞ்சனும் கொடையாளி ஆகிவிடுவான். கேடயம், கோப்பை, வாசலில் மாட்டும் பெயர்ப் பலகை, ஓய்வு பெறுகிறவர்களுக்குத் தரும் நினைவுப் பரிசு, இதுதான் எங்கள் பிழைப்பு. முன்பக்கம் கடை, பின்பக்கம் எழுத்துப் பொறிக்கும் மெஷின், மாடியில் வீடு. அண்ணன் முதலாளி, அண்ணி கல்லாவில், நான் மெஷினில். கல்யாணமாகிப் போன இடத்தில் ஒத்துவராமல் திரும்பி வந்தவள் வாடிக்கையாளர் முன்னால் நிற்க வேண்டாம் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்தார்கள். எனக்கும் அதில் வருத்தமில்லை. மெஷின் என்னை ஏன் திரும்பி வந்தாய் என்று கேட்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தகட்டை மெஷினில் மாட்டுவதற்கு முன்னால் ஒருவர் வாசகத்தைச் சத்தம் போட்டு, எழுத்து எழுத்தாக வாசிக்க வேண்டும். இன்னொருவர் கம்ப்யூட்டர் திரையில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும். பேப்பரில் தப்பு விழுந்தால் கிழித்துப் போடலாம், பித்தளையில் விழுந்தால் தகடு போச்சு. ஒருமுறை சோம்பேறித்தனப்பட்டு வாசிக்காமல் விட்டதில் 'தலைவர்' என்பது 'தலைவலி' என்று விழுந்துவிட்டது. அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் அண்ணன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அன்றிலிருந்து வாசிக்காமல் எதையும் மாட்டுவதில்லை. வாசகத்தில் இருக்கும் புளுகைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும்போதெல்லாம் அண்ணன் சொல்வான், "எழுத்து சரியா இருக்கான்னு பாக்கறதுதான் நம்ம வேலை. அது நிஜமா பொய்யான்னு பாக்கறது நம்ம வேலை இல்ல." அதையே ஒரு தொழில் தர்மம் மாதிரி சொல்வான்.

அண்ணன் மகளுக்கு வீட்டில் பெயர் வாலு. பதிமூன்று வயது. ஒரு இடத்தில் உட்கார மாட்டாள், உட்கார்ந்தால் அது செஸ் போர்டுக்கு முன்னால்தான். எங்கள் குடியிருப்பில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப் பேருக்குச் செஸ் சொல்லிக்கொடுத்தவர் செஸ் சார். அவருக்குப் பெயர் இருக்கிறது, ஆனால் யாரும் சொல்வதில்லை. வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், எந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடம் வராது என்பது வரைக்கும் ஞாபகம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பெற்றவர்களுக்கு முன்னால் வந்து நிற்பார். புருஷனும் பெண்டாட்டியும் எங்காவது போக வேண்டுமென்றால் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் போவார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் அவரை இந்தக் குடியிருப்புக்கு அழைத்து வந்ததே அண்ணன்தான். வீடு வீடாகப் போய், "கண்ணை மூடிக்கிட்டு அனுப்புங்க, நான் பொறுப்பு" என்று சொன்னான். எல்லாரும் அப்படியே அனுப்பினார்கள்.

அந்த வாலு திடீரென்று செஸ்ஸுக்குப் போகமாட்டேன் என்றாள். முதலில் வயிற்று வலி, அப்புறம் தலைவலி, அப்புறம் பரீட்சை. அண்ணி திட்டினாள். போட்டி நெருங்குகிறது, சார் உனக்காகத் தனியாக நேரம் ஒதுக்குகிறார், உனக்குக் கொழுப்பு என்றாள். எதற்கெடுத்தாலும் வாய்க்கு வாய் பேசுகிற பிள்ளை பேசாமல் இருந்தபோதே எனக்கு என்னவோ போல் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மெஷின் அறைக்கு வந்தாள். புதுத் தகடுகளின் மேல் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிப்பது அவளுக்குப் பிடித்த வேலை. தரையில் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தாள். மெஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் உதடு அசைவது தெரிந்ததும் நான் மெஷினை நிறுத்தப் போனேன்.

"ஓடட்டும் அத்தை," என்றாள்.

ஓடவிட்டேன். குனிந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டேன். அவள் தகட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாருக்கும் சொல்லிக்குடுக்கும்போது அவர் கை போர்டு மேல இருக்கும். தனி கிளாஸ்ல மேசைக்குக் கீழ வரும் அத்தை." அப்புறம் இன்னும் கொஞ்சம் சொன்னாள். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவளுடையது, யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் அவள் சொல்லிக்கொள்வாள்.

"நான் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்கன்னு சொன்னார். உங்க அப்பாவே நம்ப மாட்டார்னார்."

"நான் நம்பறேன்டா கண்ணு."

"அப்பா?" என்று கேட்டாள். "அப்பா போயி, நீங்க செஞ்சது தப்புன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாரா? அது போதும் அத்தை. வேற எதுவும் வேணாம்."

நான் கண்டிப்பாகச் சொல்லுவார் என்றேன். என் அண்ணனை எனக்குத் தெரியும் என்ற தைரியத்தில் சொன்னேன். தெருவில் எவனாவது என்னை ஒரு பார்வை பார்த்தால் சண்டைக்குப் போனவன் அவன். அவனுக்குக் கோபம் வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கோபம் வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். வாலுவைப் பக்கத்தில் உட்காரவைத்து நான் விஷயத்தைச் சொன்னபோது அவன் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அவன் நம்பாமல் இருந்திருந்தால், முட்டாள் என்று நினைத்து ஒருவேளை மன்னித்திருப்பேன். அவன் நம்பினான். எழுந்து, ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்து மாட்டினான். "கையை உடைச்சிட்டு வர்றேன்," என்றான். அண்ணி முதலில் ஜன்னலைச் சாத்தினாள். அப்புறம்தான் மகளிடம் வந்தாள்.

"ஏன்டி அப்பவே சொல்லல? வேற யார்கிட்டயாவது சொன்னியா? உன் ஃபிரண்டுங்க கிட்ட? நெஜமா சொல்லு."

"இல்லம்மா."

"சொல்லாத. யார்கிட்டயும் மூச்சு விடாத." அதைச் சொல்லிவிட்டுத்தான் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கையை உடைக்கப் போனவன் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தான். செருப்பை ஓரமாக, ஒழுங்காகக் கழற்றி வைத்தான். சண்டை போட்டுவிட்டு வருகிறவன் செருப்பை அப்படி வைக்க மாட்டான்.

"என்ன ஆச்சு?" என்றேன்.

"அவர் அழுதுட்டார்."

"ஒத்துக்கிட்டாரா?"

"ஒத்துக்கிட்டார்னு சொல்ல முடியாது. பாசத்துல ஏதாவது தெரியாம நடந்திருந்தா மன்னிச்சிடுங்கன்னு கால்ல விழ வந்துட்டார். வயசுல பெரிய மனுஷன்."

"நீ என்ன சொன்ன?"

அவன் என்னைப் பார்க்கவில்லை. "எந்திரிங்க சார்னு சொன்னேன்."

"அவ்வளவுதானா?"

"பின்ன, விழுந்து அழறவரை மிதிக்கவா சொல்ற? டீ போட்டுக் குடுத்தார். அவர் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்ல. விஷயம் தெரிஞ்சா அந்தம்மா உயிர விட்டுடும்."

டீயையும் குடித்துவிட்டு வந்திருக்கிறான். மாடிப்படியில் வாலு நின்றுகொண்டிருந்தாள். எப்போதிலிருந்து நின்றாள் என்று தெரியாது.

"அப்பா, சொன்னீங்களா?"

"பேசிட்டேம்மா. இனிமே ஒண்ணும் வராது."

"தப்புன்னு சொன்னீங்களா?"

"அதான் பேசிட்டேன்னு சொல்றேன்ல. நீ போய்ப் படி."

அவள் போனாள். நான் அண்ணனிடம் போலீஸுக்குப் போகலாம் என்றேன். அதுவரைக்கும் தணிந்திருந்த கோபம் மறுபடியும் அவனுக்கு வந்தது, இந்த முறை என் மேல். "உனக்குன்னு ஒரு பொண்ணு இருந்தா இப்படிப் பேசமாட்ட. அவ பேரு ஸ்டேஷன்ல அடிபடணுமா? இவரைக் கூட்டிட்டு வந்ததே நான்தான். எத்தனை வீட்டுக்கு நான் பொறுப்புன்னு சொல்லியிருக்கேன், இப்ப போயி எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நீ தனியாப் போனா, அப்படி எதுவும் நடக்கலைன்னு நான் சொல்லிடுவேன். அவளையும் சொல்ல வைப்பேன்."

செய்வான். அது எனக்குத் தெரிந்தது.

சத்தமில்லாமல் வாலுவிடம் கேட்டுப் பார்த்தேன். நாம ரெண்டு பேர் மட்டும் போகலாமா என்று. "முதல்ல அப்பா சொல்லட்டும் அத்தை," என்றாள். அவளுக்குப் போலீஸ் முக்கியமில்லை. உங்க அப்பாவே நம்ப மாட்டார் என்று அந்த ஆள் போட்ட பந்தயத்தில் அவளுடைய அப்பா தோற்கக் கூடாது. அது மட்டும்தான் அவளுக்கு வேண்டியிருந்தது.

இரண்டு நாளில் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். வங்கியில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னும் எல்லாரையும் கடன் கேட்டு வந்தவர்கள் மாதிரிதான் பார்ப்பார். கூடவே சங்கத்தில் இருக்கும் டாக்டரம்மா. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. செஸ் சாரே முந்திக்கொண்டு போய் அவர்களிடம் அழுதிருக்கிறார். கெட்டிக்காரர்தான். எந்தக் காயை எப்போது நகர்த்த வேண்டும் என்று அவருக்குச் சொல்லியா தர வேண்டும்?

"நடந்தது நடந்துபோச்சு," என்று ஆரம்பித்தார் செயலாளர். அப்படி ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் முடியும் என்று உங்களுக்கும் தெரியும். "அவரும் மனசு உடைஞ்சு போயிருக்கார். நாங்க கூடிப் பேசி முடிவு எடுத்துட்டோம். அவர் இங்க வந்த பத்தாவது வருஷத்துக்கு எடுக்கற விழா முடிஞ்சதும் கௌரவமா விலகிக்கிறேன்னுட்டார். ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா கட்டியிருக்காங்க பாருங்க, அங்க கூப்பிடறாங்களாம். நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லது."

"அங்க பிள்ளைங்க இல்லையா?" என்றேன் நான்.

அவர் என்னை அப்போதுதான் பார்த்தார். "அது அவங்க சங்கம் பாத்துக்கும்மா."

டாக்டரம்மா அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு இதமாகப் பேசினாள். குழந்தைகள் சீக்கிரம் மறந்துவிடும், நாம்தான் கிளறிக்கொண்டே இருக்கக் கூடாது, நன்றாகச் சாப்பிடட்டும், தூங்கட்டும் என்றாள். மருந்துச் சீட்டு எழுதாத குறைதான். வாலுவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று ரெண்டு பேருக்கும் தோன்றவில்லை. அவள் பக்கத்து அறையில்தான் இருந்தாள்.

எழுந்து போகும்போது செயலாளர் இன்னொன்றைச் சொன்னார். "விழாவுல அவருக்குக் குடுக்கற கேடயம் உங்க கடையிலதான் செய்யணும். வெளியில குடுத்தா, ஏன் இவங்ககிட்ட குடுக்கலைன்னு பேச்சு வரும். அப்புறம், எப்பவும் நல்லா ஆடற பிள்ளைதானே மேடையில குடுக்கறது. உங்க பொண்ணு வரலைன்னா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க."

இந்த நாலு பேரை என் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். நான் புருஷன் வீட்டில் அடி வாங்கியபோதும் இந்த நாலு பேர்தான் என்னை அங்கேயே இருக்கச் சொன்னார்கள். கண்ணில் பட்டால் நாலு பேரையும் நிற்கவைத்து நாலு கேள்வி கேட்பேன். அண்ணனோ செயலாளரிடம் சரி என்று தலையாட்டினான். அண்ணி எல்லாருக்கும் காபி கொண்டுவந்தாள்.

கேடயத்துக்கான வாசகம் மறுநாள் வந்தது. 'பத்தாண்டுத் தொண்டு. பண்பாளர். குழந்தைகளின் இரண்டாம் தந்தை.' நான் மெஷினைத் தொட மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனே உட்கார்ந்தான். வாசிக்க ஆள் வேண்டுமே. கல்லாவில் இருந்த அண்ணியைக் கூப்பிட்டான்.

அண்ணி வாசித்தாள். வெளியே யார்கிட்டயும் மூச்சு விடாதே என்று ஜன்னலைச் சாத்தியவள், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகத் தொண்டையைத் திறந்து வாசித்தாள். "கு. ழ. ந். தை. க. ளி. ன்." அண்ணன் திரையில் விரலை நகர்த்தினான். "இரண்டாம்." ஒவ்வொரு எழுத்தாக இரண்டாம். ஒவ்வொரு எழுத்தாகத் தந்தை. அண்ணன், "இன்னொரு தடவை வாசி, சரியா இருக்கணும்," என்றான். அவள் இன்னொரு தடவை முதலிலிருந்து வாசித்தாள். தண்ணீர் குடிக்க இறங்கி வந்த வாலு கதவருகே நின்று ரெண்டு தடவையும் கேட்டாள். மெஷின் ஓடி முடித்ததும் அண்ணன் தகட்டை எடுத்து மெதுவாக ஊதினான். பித்தளைத் துகள் அவன் சட்டையில் ஒட்டியது.

"நீ மேடைக்குப் போக வேணாம்," என்று அன்று வாலுவிடம் சொன்னேன். "நான் பாத்துக்கறேன். வயித்து வலின்னு படுத்துக்க."

"போறேன் அத்தை."

"ஏன்டி?"

"அப்பாவும் மேடையில இருப்பார்ல. அவ்வளவு பேர் முன்னாடி சொல்லணும்னு நெனச்சுக்கிட்டு இருக்காரோ என்னவோ."

அவள் கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி ஒரு நம்பிக்கை அவளுக்கு இருந்தது. அந்தப் பிள்ளையிடம் நான் என்ன சொல்வேன்? தலையைத் தடவிவிட்டு எழுந்து வந்தேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குடியிருப்பின் பொதுக்கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பின்பக்கம் நீளமாக மேசை போட்டுச் சாப்பாட்டுப் பாத்திரங்கள். மேடையில் சார் சிரிக்கிற படம் போட்ட பெரிய பேனர். சாரை அழைத்து வந்தவர் என்ற முறையில் அண்ணனுக்கும் மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். செயலாளர் பேசினார். டாக்டரம்மா பேசினாள். ஒருவர் கவிதை என்று சொல்லி ஏதோ வாசித்தார். சார் கடைசியாகப் பேசினார். சொந்தமாகப் பிள்ளை இல்லாத குறையை இந்தக் குடியிருப்பு தீர்த்துவைத்தது என்றபோது அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருந்த பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அங்கே விஷயம் தெரிந்தவர்கள் எத்தனை பேர், தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்தவர்களும் துடைத்துக்கொண்டார்கள்.

வாலுவைக் கூப்பிட்டார்கள். அண்ணி அவளுக்குப் புது உடை போட்டுவிட்டிருந்தாள். கேடயம் கனம், ரெண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். அவர் அதை ஒரு கையில் வாங்கிக்கொண்டு, இன்னொரு கையை அவள் தோளில் போட்டு இழுத்துக்கொண்டார். போட்டோ எடுப்பவன், "சிரிம்மா," என்றான். வாலு கேமராவைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் அப்போது உட்கார்ந்தபடியே எட்டி, கைக்குட்டையால் தகட்டில் பட்டிருந்த விரல் ரேகையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

நான் எழுந்து நின்றதே எனக்குத் தெரியாது.

"அவ தோள்லேர்ந்து கைய எடுங்க," என்றேன்.

மெஷினோடு போட்டி போட்டுப் பழகிய குரல். மைக் இல்லாமலேயே கடைசி வரிசை வரைக்கும் போனது. அவர் கையை எடுத்தார், தன்னை அறியாமல்.

"இந்தப் பொண்ணுகிட்ட நீங்க செஞ்சது தப்பு. தனி கிளாஸ்னு கூப்பிட்டு உக்கார வெச்சு, கைய வைக்கக் கூடாத எடத்துல வெச்சிருக்கீங்க. அவ சொல்லியும் இவங்க எல்லாம் சேர்ந்து மூடிட்டாங்க. இன்னும் யார் யார் பிள்ளைங்கன்னு எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போயி உங்க பிள்ளைங்களக் கேளுங்க."

செயலாளர், "உக்காருங்கம்மா, உக்காருங்க," என்று கையைக் காட்டினார். ஏதோ தண்ணீர்க் குழாய்ப் பிரச்சினையைக் கூட்டத்தில் கிளப்பியவளிடம் சொல்வது போல. கூட்டம் என்னைப் பார்த்தது, சாரைப் பார்த்தது, அப்புறம் எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். வாலுவும் அவனைத்தான் பார்த்தாள். அவன் எழுந்து மைக்கிடம் வந்தான். அவன் நடந்துவந்த விதத்தைப் பார்த்து, ஒரு நிமிஷம் நானும் நம்பிவிட்டேன். இப்போது சொல்லிவிடுவான் என்று.

"எல்லாரும் மன்னிக்கணும்," என்றான். "என் தங்கச்சி வாழ்க்கையில ரொம்ப அடிபட்டவ. கொஞ்ச நாளா அவளுக்கு மனசு சரியில்ல. வீட்டுலயும் இப்படித்தான் ஏதாவது பேசிக்கிட்டு இருக்கா. சார், நீங்களும் மனசுல வெச்சுக்காதீங்க. உங்ககிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

கையெடுத்துக் கும்பிட்டான். பெற்ற மகளைத் தொட்டவனைப் பார்த்து, மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கும்பிட்டான். சார் பெரிய மனதோடு தலையை அசைத்து, "பரவால்ல, நம்ம பொண்ணுதானே," என்றார். முன்வரிசையில் ஒருத்தி, "பாவம், அதான் பாத்தாலே தெரியுதே," என்றாள். அது என்னைப் பற்றி.

"அத்தைக்கு மனசு நல்லாத்தான் இருக்கு."

வாலுதான். அவள் சத்தமாகச் சொல்லவில்லை. அப்பாவின் பக்கத்திலேயே நின்றதால் மைக் அதைப் பிடித்துக் கூடம் முழுக்கக் கொடுத்தது. "அத்தை சொன்னது நிஜம். அப்பாவுக்கும் தெரியும்," என்றாள். அழவில்லை. அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவனிடம் இனிமேல் கேட்க எதுவும் இல்லை என்பது போலப் பேசினாள்.

நடுவரிசையில் ஒரு பெண் தன் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பின்னால் ரெண்டு குடும்பங்கள் நாற்காலி சத்தம் கேட்காமல் எழுந்து, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வெளியேறின. அவர்களாவது பிள்ளைகளிடம் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அண்ணன் மைக்கைப் பிடித்தபடியே நின்றான். அவனுக்கு உதவிக்கு வந்தவர் செயலாளர். குனிந்து, மைக்கைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, தொண்டையைக் கனைத்தார்.

"சாப்பாடு தயாரா இருக்கு. ஆறிடும். எல்லாரும் இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

கூட்டத்துக்கு உயிர் வந்தது. அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. நாற்காலிகள் நகர்ந்தன, பெரியவர்கள் முதலில் போகட்டும் என்று ஒருவர் வழிவிட்டார், தட்டு போதவில்லை என்று ஒருவர் குரல் கொடுத்தார். மேடையில் நடந்ததை யாரோ கீழே போட்டுவிட்ட பொருள் மாதிரி தாண்டித் தாண்டிப் போனார்கள். டாக்டரம்மா என்னைக் கடக்கும்போது கையை ஒரு அழுத்து அழுத்தி, "உங்களுக்குத் தைரியம்தான்," என்று காதில் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டு எடுக்கப் போனாள்.

வாலு தானாகவே இறங்கி என்னிடம் வந்தாள். "போலாம் அத்தை," என்றாள். எங்கே என்று நான் கேட்கவில்லை.

ஆனாலும் எனக்கு மனம் கேட்கவில்லை. பெற்றவர்கள் இருக்கும்போது நான் யார்? அவளைக் கூட்டிக்கொண்டு சாப்பாட்டு மேசைப் பக்கம் போனேன். அண்ணி கையில் தட்டோடு வரிசையில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நாங்க போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறோம் அண்ணி. நீங்க வந்தா நல்லது."

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "எல்லாரும் பாக்கறாங்க. இப்ப பாதியில போனா நல்லாவா இருக்கும்? மொதல்ல சாப்பிடுங்க. வீட்டுக்குப் போயி நிதானமாப் பேசலாம்."

"அம்மா," என்றாள் வாலு.

அண்ணி அவளுக்கும் ஒரு தட்டை எடுத்து நீட்டினாள். வாலு வாங்கவில்லை. அந்தக் கோடியில் முதல் மேசையில் சார் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் செயலாளர். அண்ணன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவர்களுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தான். நாங்கள் நிற்பது அவனுக்குத் தெரியும். பாத்திரத்தைக் கீழே வைத்தான். வருகிறான் என்று நினைத்தேன். தண்ணீர் ஜக்கை எடுத்து சாருடைய டம்ளரில் ஊற்றினான். வாலு அதை முழுதாக, டம்ளர் நிறைகிறவரைக்கும் பார்த்தாள். அப்புறம் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு வந்தாள்.

ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். நல்ல மாதிரியாகத்தான் தெரிந்தார். எங்களை உட்காரச் சொன்னார், மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார். நான் விஷயத்தைத் தொடங்கியதும் கையைக் காட்டி என்னை நிறுத்தி, நாற்காலியை வாலு பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இவங்க உங்க அம்மாவாம்மா?"

"அத்தை."

"அம்மா இல்லையா? அப்பா?"

"இருக்காங்க."

"அவங்க வரலையா? இப்ப எங்க இருக்காங்க?"

நான் ஏதாவது சமாளித்துச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் வாலுவே சொல்லிவிட்டாள்.

"சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க."